சாகாதவர்களின் கப்பலும் என் பற்றரியும்

முதலில் நான் இழந்தது பதினொரு விநாடிகள்.

குருநகரில் படகு எஞ்சின் திருத்துவது என் தொழில். அன்று காலை, வேலை முடிந்த ஒரு எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கி ஓடவிட்டு, அது எத்தனை விநாடிக்கு ஒருமுறை தவறுகிறது என்று கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் நான்கைப் பார்த்தேன். அடுத்துப் பார்த்தபோது பதினைந்து. நான் அதே முக்காலியில்தான் இருந்தேன். கையிலிருந்த ஸ்பனர் மட்டும் நிலத்தில் கிடந்தது.

வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

காரணம் இருக்கிறது. எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. பின்னேரங்களில் விஞ்ஞானப் புனைகதை எழுதுகிறேன். ஒரு சிற்றிதழ் அதைத் தொடராகப் போடுகிறது. கதை, விண்வெளியில் போய்க்கொண்டிருக்கும் ஒரு கப்பலைப் பற்றியது. அதில் யாரும் சாவதில்லை. பழுதான உறுப்பைக் கழற்றி வேறு பூட்டிக்கொள்வார்கள். அதன் எஞ்சினியர் ஆதனுக்குத் தொள்ளாயிரம் வயது. அவன் ஒருநாள் நேரத்தைத் தவறவிடத் தொடங்குகிறான் என்று ஓர் அத்தியாயம் எழுத வேண்டும். அது எப்படி இருக்கும் என்று தெரியாமல் இரண்டு மாதமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது என் பட்டறைக்கே வந்து நிற்கிறது. விடுவேனா?

ஒரு கொப்பி எடுத்தேன். திகதி, நேரம், எத்தனை விநாடி, வருமுன் என்ன உணர்ந்தேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன கேட்டது என்று கோடு போட்டு எழுதத் தொடங்கினேன். எஞ்சின்காரனுக்குக் கணக்குச் சுத்தம் முக்கியம். எழுத்தாளனுக்கு விவரம் முக்கியம். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கொல்லப் பார்த்தார்கள் என்பது பிறகுதான் விளங்கியது.

இதை வாசிப்பவர்களில் யாருக்காவது இப்படிக் கண் இருண்டு நேரம் தவறியிருந்தால், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். முதலில் போய் ஒரு ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டத்தைக் கடதாசியில் கோடாக வரைந்து காட்டும் பரிசோதனை) எடுங்கள். வலிக்காது. ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான் மூன்று மாதம் எடுத்தேன்.

அந்த மூன்று மாதமும் அருமையாக எழுதினேன் என்பதையும் மறைக்கக்கூடாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது, முகம் வெளிறியது. ஆனால் ஆதன் கடதாசியில் உயிரோடு எழுந்து நடந்தான். இதழ் ஆசிரியர் தொலைபேசி எடுத்து, இவ்வளவு காலமும் நீங்கள் எழுதியதில் இதுதான் உச்சம் என்றார். அன்று முழுக்க எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

என் மனைவி ஸ்ரெலாவுக்கு மட்டும் அது பிடிபடவில்லை.

“ஏனப்பா உப்பிடி வெளிறிப்போய்க் கிடக்கிறியள்? ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுவமே?”

“மண்ணெண்ணெய்ப் புகை. பட்டறைக்கு ஒரு ஃபான் பூட்டினாச் சரி.”

ஃபானும் பூட்டினேன். நான் சொன்ன பொய்யை நானே பாதி நம்பிவிட்டேன். ஒரு எஞ்சின் தவறினால் முதலில் எண்ணெயைத்தான் சந்தேகிப்போம். பிளக்கில் பொறி வருகிறதா என்று பிறகுதான் பார்ப்போம். என் உடம்பிலும் அதே வரிசையில் போனேன்.

நாலாம் மாதம் யோசேப்பு அண்ணையின் எஞ்சின் வந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்த கடற்றொழிலாளி. திருத்திய எஞ்சினைக் கடலில் ஓட்டிப் பார்க்காமல் ஏற்கமாட்டார். காலை எட்டு மணிபோல இருவரும் படகில் போனோம். நான் பின்னால் எஞ்சின் கைபிடியைப் பிடித்திருந்தேன். அவர் முன்னணியத்தில் இருந்தார். எஞ்சின் பட்டுப்போல ஓடியது. அது மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்து நினைவில் இருப்பது யோசேப்பு அண்ணையின் முகம். அவர் ஒரு கையால் என் சட்டையைப் பிடித்திருந்தார். மறுகை எஞ்சின் கைபிடியில் இருந்தது. என் தலைமயிரிலிருந்து உப்புத்தண்ணீர் வழிந்தது. படகு வட்டமடித்ததாம். நான் பக்கவாட்டில் சரிந்து, இடுப்புக்கு மேலே கடலுக்குள் தொங்கினேனாம். கைக்கெட்டும் தூரத்தில் எஞ்சின் காற்றாடி சுழன்றுகொண்டிருந்திருக்கிறது.

“உயிரோடைதான் இருக்கிறியோ?” என்றார்.

“எவ்வளவு நேரம் அண்ணை?”

“என்ன எவ்வளவு நேரம்?”

“நான் இல்லாமல் இருந்தது.”

அவர் கைபிடியைத் திருப்பினார். படகை நேரே இறங்குதுறைக்கு விட்டார். அங்கிருந்து ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்.

அவசரப் பிரிவில் தாதி நாடி பிடித்தார். தன் கைக்கடிகாரம் நின்றுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார். கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. என் நாடி நிமிடத்துக்கு இருபத்தெட்டு. பிறகு எல்லோரும் ஓடினார்கள்.

இதயநோய் மருத்துவர் ஓர் இளம் பெண். ஈ.சி.ஜி. தாளைத் தூக்கிப் பிடித்து, “ஐயா, இது கொம்ப்ளீற் ஹார்ட் புளொக்” என்றார். (இதயத்தின் மேல் அறைகளில் பிறக்கும் மின்னோட்டம் கீழ் அறைகளுக்குப் போய்ச் சேராமல் முழுதாகத் தடைப்படுவது. மாரடைப்பு வேறு, அது இரத்தக் குழாய் அடைபடுவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். யோசேப்பு அண்ணை ஊர் முழுக்க எனக்கு மாரடைப்பு என்று சொல்லி முடித்துவிட்டார்.)

“மேலை பொறி வருது, கீழை போகேல்லை. வயர் அறுந்துபோச்சு. அப்பிடித்தானே டொக்டர்?”

“அப்பிடித்தான். கீழ் அறை தன்ரை பாட்டுக்கு மெதுவாத் துடிச்சுக்கொண்டு இருக்கு. அது எப்ப வேணுமெண்டாலும் நிக்கலாம். எவ்வளவு நாளா இது?”

இங்கேதான் நான் செய்த மடைத்தனத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த நேரத்திலும் உற்சாகம் அடங்கவில்லை. மூன்று மாதக் குறிப்பு முழுதும் கைவசம் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். செய்தி கேட்டு ஓடிவந்து வாசலில் நின்ற ஸ்ரெலாவைக் கூப்பிட்டு, பட்டறை மேசை லாச்சிக்குள் ஒரு பச்சைக் கொப்பி இருக்கிறது, எடுத்து வா என்று அனுப்பினேன். அவள் ஓட்டோவில் வரும்போது அதை வாசிப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மருத்துவர் கொப்பியைப் புரட்டி வியந்துபோனார். எந்த நோயாளியும் இப்படி ஒன்று கொடுத்ததில்லை என்றார். நாற்பத்து மூன்று தடவைகள். ஆகக் கூடியது பத்தொன்பது விநாடி. ஒவ்வொன்றுக்கும் எதிரே என் கையெழுத்தில், “ஆதனுக்குப் பயன்படும்”, “இது இன்னும் நல்லது”, “அடுத்த முறை கண்ணைத் திறந்து வைத்திருந்து பார்க்க வேண்டும்.”

ஸ்ரெலா கட்டிலின் காலடியில் நின்றாள். இருபத்தாறு வருடக் கலியாணத்தில் அவள் அப்படி மெதுவாகப் பேசிக் கேட்டதில்லை.

“உங்கடை கதையிலை எத்தினை பேரைச் சாக்காட்டிப்போட்டுத் திரும்ப எழுப்பியிருக்கிறியள். உங்களை ஆர் எழுப்பிறது? நானோ?”

எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. அதற்கு அடுத்ததாகத்தான் பயம் வந்தது.

கழுத்து நாளம் வழியாக ஒரு மெல்லிய வயரை இதயத்துக்குள் விட்டு, வெளியே ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்தார்கள். (தற்காலிக இதயமுடுக்கி. நிரந்தரமானதைப் பொருத்தும்வரை இதயத்தைத் துடிக்க வைப்பது.) பெட்டியை முடுக்கியதும் கையும் காலும் சூடேறின. சுவரின் நீல நிறம் இன்னும் நீலமானது. மூன்று மாதமாக அரைகுறை வெளிச்சத்தில் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நல்லதாக ஒரு தேத்தண்ணி குடிக்க வேண்டும்போல இருந்தது.

அசையாமல் இரண்டு நாள் கிடக்கச் சொன்னார்கள். அந்த இரண்டு நாளும் நான் எழுதியவை எல்லாம் என் கண்முன்னே வந்து நின்றன.

இந்த வகைக் கதை எழுதுபவர்களிடம் சாவு மலிவு. நானே ஒரு கிரகத்தை இரண்டு வரியில் அழித்திருக்கிறேன். அதில் எத்தனை கோடிப் பேர் இருந்தார்கள் என்றுகூட நினைத்துப் பார்க்கவில்லை. முக்கியமானவன் செத்தால் மட்டும் ஒரு பக்கம் ஒதுக்குவேன். அவன் கடைசியாக ஒரு நல்ல வசனம் பேசுவான். அதுவும் பிடிக்காவிட்டால் அடுத்த இதழில் அவனை எழுப்பிவிடுவேன்.

சாகாமை பற்றி எழுதும்போது எங்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டு. மாயக் கதையில் அமுதம் குடித்த அரசன் கடைசியில் சாவு கேட்டு அழுவான். விண்வெளிக் கதையில் ஆயிரம் வயதுக்காரன் சலித்துப்போய்க் கதவைத் திறந்து வெற்றிடத்துக்குள் குதிப்பான். என் ஆதனுக்கும் அப்படி ஒரு முடிவுதான் எழுதி வைத்திருந்தேன். நீண்ட வாழ்வு சலிப்பைத் தரும் என்பதை நான் சந்தேகித்ததே இல்லை. அந்த ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய புளுகு என்று தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் உரும்பிராயைச் சேர்ந்த கந்தையா என்ற தோட்டக்காரர் கிடந்தார். எண்பதைத் தாண்டியவர். இதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் சேர்ந்திருந்தது. மூச்சு விடுவதே அவருக்கு ஒரு முழுநேர வேலை. நான் கதை எழுதுபவன் என்று தெரிந்ததும் மூக்கில் ஒட்சிசன் குழாயோடு என் பக்கம் திரும்பினார்.

“உந்தச் செவ்வாய்க்குப் போனால்... அங்கை வெங்காயம் நடலாமோ?”

“மண்ணிலை நஞ்சு கிடக்கு எண்டு சொல்லினம் ஐயா. கழுவி எடுக்கோணும்.”

“கழுவலாம். தண்ணி?”

“பனியா உறைஞ்சு கிடக்காம்.”

அவர் யோசித்தார். யோசிப்பதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.

“அப்ப முதல் போகம் சரிவராது. ரண்டாம் போகத்திலை பாக்கலாம்.”

அன்று பின்னேரம் முழுக்க இதே கதைதான். அங்கே பகல் எவ்வளவு நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வீசும், விதை வெங்காயத்தைக் கப்பலில் எப்படிக் காயவைத்துக் கொண்டுபோவது. தாதி வந்து, கதைக்க வேண்டாம் என்று இரண்டு தடவை அதட்டினார். நாங்கள் வகுப்பில் பேசிப் பிடிபட்ட பிள்ளைகள்போல வாயை மூடிக்கொண்டு, அவர் போனதும் தொடர்ந்தோம். எனக்கு வாட்டில் கிடக்கிறேன் என்ற நினைப்பே இல்லை.

மறுநாள் காலை சாப்பாட்டு நேரத்தில் கந்தையா ஐயா இறந்துபோனார். திரையை இழுத்தார்கள். சிறிது நேரம் ஓடித் திரிந்தார்கள். பிறகு திரைக்குள் அமைதியாகிவிட்டது. அவர் கடைசியாக என்னிடம் சொன்னது, “நடுகைக்கு முதல் மண்ணை நல்லாக் கொத்தோணும்” என்பது. அது கடைசி வசனம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் அழுதேன். ஒருநாள் பழக்கத்துக்கு இவ்வளவு அழுகை வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

எண்பது வருடம் வாழ்ந்தவருக்குச் சலிக்கவில்லை. இன்னொரு கிரகத்தில் இரண்டாம் போகம் வரை திட்டம் வைத்திருந்தார். இன்னும் எண்ணூறு வருடம் கொடுத்திருந்தாலும் அவர் மண்ணைக் கிளறிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். எனக்கும் சலிக்காது என்று அந்தக் கட்டிலில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. சாவு தூரத்தில் இருப்பதாக நினைப்பவர்கள்தான் சாகாமை சலிக்கும் என்று எழுதுவார்கள்.

மூன்றாம் நாள் சத்திரசிகிச்சை. பேஸ்மேக்கர் (இதயம் துடிக்கத் தவறும்போது சிறு மின்துடிப்புக் கொடுத்துத் துடிக்க வைக்கும் கருவி) தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இடப்பக்கக் காறையெலும்புக்குக் கீழே தோலை மட்டும் மரக்கச் செய்து, ஒரு பை மாதிரி வெட்டி உள்ளே வைக்கிறார்கள். நீங்கள் விழித்திருப்பீர்கள். இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி பெரிதாக இல்லை. பயப்பட வேண்டாம்.

எனக்குப் பயம் இருந்தது. ஆனால் அதைவிட ஆசை கூட இருந்தது. முப்பது வருடமாக மற்றவர்களின் எஞ்சின்களுக்கு நான் பூட்டிய பொறி கொடுக்கும் சாமானை இப்போது எனக்குப் பூட்டுகிறார்கள். பச்சைத் துணிக்குக் கீழே கிடந்தபடி கேள்விமேல் கேள்வி கேட்டேன்.

“டொக்டர், பற்றரி எவ்வளவு காலத்துக்கு?”

“பத்து வருசமளவிலை. பிறகு பெட்டியை மாத்தலாம்.”

“எத்தினை தரம் மாத்தலாம்?”

“தேவைப்படுற அளவுக்கு.”

“அப்ப நான் சாகிற நேரம் இது என்ன செய்யும்?”

“அது தன்ரை வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும் ஐயா. கரண்ட் அனுப்பும். இதயம் பதில் சொல்லாது. அவ்வளவுதான்.”

எனக்குப் புல்லரித்தது. தொள்ளாயிரம் வயது ஆதனுக்காக நான் எத்தனையோ பொறி கண்டுபிடித்திருக்கிறேன். ஆளில்லாத வீட்டுக் கதவை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும் ஒன்றை நான் யோசித்ததே இல்லை. சாகாமல் வைத்திருப்பதற்கும் துடிக்க வைப்பதற்கும் இடையில் இவ்வளவு தூரம் இருக்கிறது என்று எந்தக் கதையிலும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு விதிகள் வந்தன. சில கிழமைகளுக்கு இடக்கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது. உள்ளே வைத்த வயர் இடம்மாறிவிடும். காயம் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே போக வேண்டும். கருவியின் அட்டையை எப்போதும் கூட வைத்திருக்க வேண்டும். இவை எல்லோருக்கும் பொது. எனக்கென்று இரண்டு சேர்த்துச் சொன்னார்கள். வெல்டிங் செய்யக்கூடாது. ஓடுகிற எஞ்சினின் மேலே நெஞ்சைக் கொண்டுபோகக்கூடாது. ஒரு கை நீளம் விட்டு நிற்க வேண்டும். எஞ்சினில் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கம்பிச்சுருள் என் கருவியைக் குழப்பிவிடலாம்.

நாங்கள் எஞ்சினின் நோயை அறிவது காதால்தான். ஸ்குறூ டிறைவரின் நுனியை ஓடுகிற எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்போம். எந்த இடத்தில் தட்டுகிறது என்று தெரிந்துவிடும். ஒரு கை நீளம் தள்ளி நின்றால் என்ன கேட்கும்? முதல் நாள் யோசேப்பு அண்ணையைக் கேட்கச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

“என்ன கேக்குது அண்ணை?”

“எஞ்சின் சத்தம் கேக்குது.”

பிறகு ஸ்ரெலாதான் வழி சொன்னாள். எண்ணெய்க் குழாயில் ஒன்றரைக் கை நீளம் வெட்டி, ஒரு முனையை நீட்டுத் தடியில் கட்டினாள். தடியை எஞ்சினுக்கு நீட்டி, மறுமுனையைக் காதில் வைத்தேன். தெளிவாகக் கேட்டது. என் மருத்துவர் பாவிக்கும் ஸ்ரெதஸ்கோப்பைவிட என்னுடையது நீளம். எனக்கு அன்று தொழில் திரும்பக் கிடைத்தது. அவள் என்னோடு வழக்கமான சத்தத்தில் பேசத் தொடங்கியதும் அன்றுதான்.

ஆதனின் முடிவைக் கிழித்துப்போட்டுத் திரும்ப எழுதினேன். சாகாதவர்களின் கப்பலில் ஒருநாள், அவனுக்கு மட்டும் மாற்று உறுப்பு இல்லை, பத்து வருடம்தான் என்று சொல்கிறார்கள். அவன் கதவைத் திறந்து குதிக்கவில்லை. கப்பலின் சரக்கறைக்குப் போய், தொள்ளாயிரம் வருடமாக யாரும் பிரித்துப் பார்க்காத பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்கிறான். மூன்றாவது பெட்டியில் விதை இருக்கிறது. ஆசிரியர் கூப்பிட்டு, வாசகர்கள் ஆதன் சாகும் கட்டத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்றார். அவனுக்கு இப்போது நேரமில்லை, காத்திருக்கச் சொல்லுங்கள் என்றேன்.

இப்போது எனக்கு நேரம் வேறு மாதிரி ஓடுகிறது. பத்து வருடம் என்று கேட்டபோது கொஞ்சமாகத் தோன்றியது. ஆனால் ஒரு விநாடியும் இடையில் விழாமல் முழுதாக வருகிறது. காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் அந்த மேடு தெரிகிறது. விரலால் தொட்டுப் பார்க்கிறேன். தோலுக்குக் கீழே விளிம்பு தெரிகிறது. முதல் கிழமை அது வேறு யாருடையதோ பொருள்போல இருந்தது. இப்போது முழங்கால்போல அதுவும் ஒரு உறுப்பு. உங்களுக்கும் அப்படித்தான் ஆகும், கொஞ்சம் பொறுங்கள்.

ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனோம். ஸ்ரெலாவும் உள்ளே வந்தாள். நெஞ்சின்மேல் ஒரு தட்டை வைத்துத் திரையில் எல்லாவற்றையும் பார்த்தார்கள். பற்றரியில் ஒன்பது வருடத்துக்கு மேலே மிச்சம் இருந்தது.

“இப்ப மெஷினைக் குறைச்சுப் பாக்கப்போறன் ஐயா,” என்றார் மருத்துவர். “உங்கடை இதயம் தன்ரை பாட்டிலை துடிக்குதோ எண்டு அறியோணும். கண் இருண்டா உடனை சொல்லுங்கோ.”

ஸ்ரெலா எதுவும் கேட்காமல் கட்டிலருகே வந்து என் மணிக்கட்டில் நாடி பார்க்க இரண்டு விரலை வைத்தாள்.

கருவியின் வேகம் நிமிடத்துக்கு ஐம்பது. நாற்பது. உடம்பு பாரமானது. முப்பது. திரையில் கோடு நேராக ஓடியது. நெஞ்சுக்குள் எதுவும் இல்லை. அந்த வெறுமையைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வரியும் சரியில்லை. பிறகு ஆழத்திலிருந்து ஒரு துடிப்பு வந்தது. கருவி கொடுத்ததில்லை. மெதுவாக, யாரும் கேட்காமல், தானாக வந்தது. வெகு நேரம் கழித்து இன்னொன்று.

“உது உங்கடை சொந்தத் துடிப்பு,” என்றார் மருத்துவர்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்னுடையது. இவ்வளவு நாளும் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து, விடாமல் இருந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் குறையுங்கள், எதுவரை போகிறது என்று பார்ப்போம் என்று கேட்க வாய் உன்னியது. ஸ்ரெலாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“போதும் டொக்டர். கூட்டுங்கோ.”

“ஏன் ஐயா, தலை சுத்துதோ?”

“எனக்கு ஒண்டும் இல்லை. மனிசி மூச்சு விடேல்லை.”

மருத்துவர் திரையில் விரலை வைத்து வேகத்தைக் கூட்டினார். எங்கள் இருவருக்கும் மூச்சு வந்தது.